ப்ளம்ஸ், பேரிக்காய், மலைவாழை: சின்ன ஆயில் பெயிண்டிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மலைமேல் இருந்து வந்தவை. ஒரு பழம், ஒரு தட்டு, ஜன்னல் வெளிச்சம், சின்னதாக ஒரு போர்டு. எங்கே வரைந்தாலும் இவ்வளவுதான். ஆனாலும் சமவெளியில் வரைபவருக்கு வராத தொல்லைகள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வரும். குளிர் உண்டு, ஓதம் உண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மாறிவிடும். அதனால்தான் மலையில் இருப்பவர்களிடம் ஆறுக்கு எட்டு இன்ச்சைத் தாண்டாதீர்கள், உட்கார்ந்த இடத்திலேயே படத்தை முடித்துவிட்டு எழுந்திருங்கள் என்று விடாமல் சொல்லி வருகிறேன். கீழே உள்ள பதில்களிலும் அதுதான் திரும்பத் திரும்ப வரும்.

ப்ளம்ஸ் வரைந்தால் கண்ணாடிக் கோலிக்குண்டு மாதிரிதான் வருகிறது. பழம் என்று தோன்றவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறுகிறேன்? (குன்னூர்)

பளபளப்பை அதிகம் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மரத்திலிருந்து பறித்த ப்ளம்ஸை உற்றுப் பாருங்கள். தோலின் மேல் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மாவு பூசியது போல ஒரு படலம் இருக்கும். பழமே சுரக்கும் மெழுகு அது. விரல் பட்ட இடத்தில் அது அழிந்து, அடியில் இருக்கும் கறுஞ்சிவப்புத் தோல் பளிச்சென்று தெரியும். ஆக ஒரே பழத்தில் இரண்டு விதமான மேற்பரப்பு இருக்கிறது. மெழுகு இருக்கும் இடத்தில் வெளிச்சம் பரவலாக, மங்கலாக விழும். தேய்ந்த இடத்தில் சின்னதாக, கூர்மையாக விழும். பழம் முழுவதும் கூர்மையான வெள்ளைப் புள்ளியாக வைத்தால் கோலிக்குண்டாகத்தான் முடியும்.

முதல் வேலை பழம் வாங்குவதில்தான் இருக்கிறது. மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் சமயத்தில் ரோட்டோரக் கூடைகளிலேயே நல்ல ப்ளம்ஸ் கிடைக்கும். காம்போடு இருப்பதாகப் பார்த்து எடுங்கள். காம்பைப் பிடித்தே தூக்குங்கள். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் குலுக்கிக்கொண்டு வந்தால் வீட்டுக்கு வருவதற்குள் மெழுகு பாதி போய்விடும்.

அப்புறம் வண்ணம். முதலில் மெழுகே இல்லை என்று வைத்துக்கொண்டு பழத்தை முழுவதும் இருட்டாக வரையுங்கள். கிரிம்சன், அல்ட்ராமரின் புளூ, கொஞ்சம் பர்ன்ட் அம்பர் மூன்றும் கலந்தால் அந்தக் கறுஞ்சிவப்பு வரும். வெளிச்சம் படும் பக்கம் காட்மியம் ரெட்டைத் துளி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். பிறகு டைட்டானியம் ஒயிட்டில் அல்ட்ராமரினும் ஒரு பொட்டு பர்ன்ட் சியன்னாவும் சேர்த்து வெளிர் சாம்பல் ஒன்று கலந்துகொள்ளுங்கள். பிரஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்தச் சாம்பலை நுனியில் மட்டும் எடுத்து, ஈர வண்ணத்தின் மேல் அழுத்தாமல் இழுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு தடவை பிரஷைத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் இருக்கும் சிவப்பு ஏறி எல்லாம் ஊதாவாகிவிடும். விரல் பட்டுத் தேய்ந்த ஓரிரு இடங்களை அப்படியே விட்டுவிடுங்கள். கடைசியாக அங்கே மட்டும் ஒரு சின்ன வெள்ளை. மெழுகுப் பகுதியில் வெள்ளைப் புள்ளியே வேண்டாம்.

அக்டோபர், நவம்பர் மழையில் படம் காயவே மாட்டேன் என்கிறது. மூன்று வாரம் ஆகியும் ஒட்டுகிறது. அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கலாமா? (கொடைக்கானல்)

வேண்டாம். துணி காய்வது போல ஆயில் பெயிண்ட் காய்வதில்லை. அதிலிருந்து எதுவும் ஆவியாகிப் போக வேண்டியதில்லை. வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கெட்டியாகிறது. குளிரிலும் இருட்டிலும் அந்த வேலை மெதுவாக நடக்கும். ஓதக் காற்றும் அதை இழுத்தடிக்கும். அடுப்புச் சூட்டில் மேல்தோல் மட்டும் சீக்கிரம் இறுகிச் சுருங்கும், அடியில் ஈரம் நிற்கும். புகையும் ஒட்டிக்கொள்ளும்.

மெல்லியதாகப் பூசுவதுதான் இதற்கு வழி. சட்டென்று காயும் வண்ணங்களை அடியில் போடுங்கள். அம்பர் வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் அவை மற்றவற்றுக்கு முன்பே காய்ந்துவிடும். ஐவரி பிளாக்கும் அலிசரின் கிரிம்சனும் ரொம்ப நாள் எடுக்கும். கறுப்புப் பின்னணியைத் தடிமனாக அப்பிவிட்டுக் காயவில்லை என்று எழுதுபவர்கள் நிறைய. அதே இருட்டு அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தாலே வந்துவிடும், காயவும் காயும். வெள்ளை டியூபின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். குசும்பா எண்ணெயில் அரைத்த வெள்ளை ஆளிவிதை எண்ணெயில் அரைத்ததைவிட மெதுவாகத்தான் காயும். அவசரம் என்றால் லிக்வின் மாதிரி, சீக்கிரம் காயவைக்கும் ஆல்கிட் மீடியம் கொஞ்சம் கலக்கலாம்.

பகலில் படத்தை வெளிச்சமான அறையில் வையுங்கள். பீரோவுக்குள் வைத்தால் காயாததோடு எண்ணெய் மஞ்சளித்தும் போகும். ஏற்கெனவே மஞ்சளித்திருந்தால் கவலை வேண்டாம், சில வாரம் பகல் வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இதில் ஒரு நல்லதும் உண்டு. பேலட்டில் பிதுக்கிய வண்ணம் சென்னையில் இருப்பதைவிட உங்கள் ஊரில் அதிக நாள் உயிரோடு இருக்கும். மூடி வையுங்கள், நாளைக்கும் ஆகும்.

வடக்கு ஜன்னல்தான் ஓவியருக்கு ஏற்றது என்று படித்து, அறையையே மாற்றிவிட்டேன். மே மாதம் அதிலும் வெயில் அடிக்கிறதே? (ஊட்டி)

அடிக்கத்தான் செய்யும். அந்த அறிவுரை ஐரோப்பாவில் பிறந்தது. அங்கே உச்சிவேளையில் சூரியன் வருஷம் முழுவதும் தெற்கில்தான் நிற்கும். நீலகிரி இருப்பது வடக்கே பதினோரு டிகிரியில், கொடைக்கானல் அதற்கும் கொஞ்சம் தெற்கே. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரைக்கும் நம் தலைக்கு மேலே வரும் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். காலையிலும் மாலையிலும் கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் உங்களுக்கு நிலையான வெளிச்சம் தரும். வீட்டில் தெற்கு ஜன்னல் இல்லையென்றால் வடக்கு ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டிவிடுங்கள்.

மஞ்சு இறங்கினால் அது வேறு கதை. கூர்மையாக இருந்த நிழல் கரைந்து, பழம் தட்டையாகிவிடும். அதனால் உட்கார்ந்தவுடன் முதலில் நிழலின் எல்லைக்கோட்டை வரைந்துவிடுங்கள். பழத்தின் மேல் நிழல் எங்கே தொடங்குகிறது, மேஜையில் எதுவரை விழுகிறது, இந்த இரண்டும் போதும். பிறகு வெளிச்சம் எப்படி மாறினாலும் அந்தக் கோட்டை மாற்றாதீர்கள். பாதியில் மனம் மாறி நிழலை நகர்த்திய படத்தில் இரண்டு சூரியன் இருக்கும்.

மழைக்காலம் முழுக்க வரைய வேண்டுமென்றால் அட்டைப்பெட்டி ஒன்றின் முன்பக்கத்தை வெட்டி, உள்ளே கறுப்புத் துணி போட்டு, பக்கவாட்டில் எல்.இ.டி. பல்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தின் நிறம் 5000 கெல்வின், நிறங்களை உள்ளபடி காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90க்கு மேல் இருக்கட்டும். பேலட்டுக்கும் போர்டுக்கும் அதே வகை பல்புதான் வேண்டும். பேலட் மஞ்சள் பல்பின் கீழே இருந்தால் காலையில் படம் நீலம் பாரித்திருக்கும்.

டர்பன்டைன் நெடி ஆகவில்லை. இங்கே தைலம் சுலபமாகக் கிடைக்கிறதே, அதைக் கலக்கலாமா? (கோத்தகிரி)

நீலகிரித் தைலத்தை வண்ணத்தில் கலக்காதீர்கள். அது வலுவான கரைப்பான். தொட்டால் காய்ந்தது போலிருக்கும் அடிப்பூச்சையும் இளக்கிவிடும். டர்பன்டைனைவிட மெதுவாகத்தான் ஆவியாகும், குளிரில் இன்னும் மெதுவாக. வண்ணம் காய்ந்து இறுகிப்போன பிரஷ் இருந்தால் அதன் நுனியைத் தைலத்தில் ஊறவைத்துப் பாருங்கள், அதற்கு உதவும். அதையும் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

சின்னப் படத்துக்கு டர்பன்டைன் தேவையே இல்லை என்பது என் கருத்து. வண்ணத்தை டியூபிலிருந்து வந்தபடியே பயன்படுத்துங்கள். கெட்டியாக இருந்தால் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். பிரஷைத் துணியில் துடைத்து, கடலை எண்ணெயில் அலசி, மறுபடி துடைத்து, சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போதும். தேங்காய் எண்ணெய் உங்கள் ஊர்க் குளிரில் உறைந்து நிற்கும், சரிப்படாது. சோப்புக் கழுவலை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடலை எண்ணெய் காயாத எண்ணெய், பிரஷில் மிச்சம் இருந்தால் படத்தையும் காயவிடாது.

ஒரு விஷயத்தை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் கெட்டியாகும்போது சூட்டை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். குளிருக்குக் கணப்பு மூட்டும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். அல்லது வெளியே விரித்துப் போட்டுக் காயவிட்டுப் பிறகு தூக்கிப் போடுங்கள்.

மலைவாழைப்பழத்தின் நிழல் பக்கம் பச்சையாகப் போய்விடுகிறது. (பண்ணைக்காடு)

மஞ்சளைக் கறுப்பு போட்டு இருட்டாக்குகிறீர்கள். மஞ்சளும் ஐவரி பிளாக்கும் சேர்ந்தால் ஆலிவ் பச்சைதான் வரும். பட்டர் ஃப்ரூட் வரையும்போது அந்தக் கலவை அருமையாக உதவும், வாழைக்கு ஆகாது. வாழையின் நிழலுக்கு யெல்லோ ஆக்கரில் ரா அம்பரும், கிரிம்சனும் அல்ட்ராமரினும் கலந்த ஊதா ஒரு பொட்டும் சேருங்கள்.

விருப்பாட்சிப் பழம் குட்டையாக, விளிம்பு எழும்பி இருக்கும். அதை உருண்டையாக்காமல் மேல், பக்கம், அடி என்று மூன்று முகங்களாகப் பிரித்து, மூன்று மஞ்சள் கலந்து நீளவாக்கில் இழுங்கள். தோலில் விழும் கரும்புள்ளிகளை எண்ணி எண்ணி வரைய வேண்டாம். நான்கைந்து போதும், அதுவும் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில்.

கூடை நிறையப் பழம் வைத்து வரைய ஆசை. ஆரம்பத்திலேயே செய்யலாமா? (கோத்தகிரியிலிருந்து இன்னொரு வாசகர்)

ஆசை சரிதான், ஆனால் பொறுங்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தில் அட்ரியான் கோர்ட்டே என்று ஒருவர் இருந்தார். ஒரு கல் விளிம்பு, இருட்டுப் பின்னணி, மேலே ஒரு கொத்து கூஸ்பெர்ரியோ ஒரு பிடி ஸ்ட்ராபெர்ரியோ. வாழ்நாளில் பெரும்பாலும் இதைத்தான் வரைந்தார். பலவற்றைக் காகிதத்தில் வரைந்து பலகையில் ஒட்டியிருக்கிறார். எல்லாம் சின்னச் சின்னப் படங்கள். அவற்றை இணையத்தில் தேடிப் பாருங்கள், ஒரு கொத்துப் பழமே ஒரு படத்துக்குப் போதும் என்று புரியும்.

கூடைதான் வேண்டும் என்றால் ஃபிரான்ஸின் ஷார்டான் 1761இல் வரைந்த காட்டு ஸ்ட்ராபெர்ரிக் கூடையைப் பாருங்கள். ஒவ்வொரு பழமாக அவர் வரையவில்லை. குவியல் முழுவதையும் ஒரே சிவப்புக் கூம்பாக எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம் கொடுத்துவிட்டு, முன்னால் உள்ள சில பழங்களில் மட்டும் விவரம் வைத்திருக்கிறார். ஒரு பேரிக்காயை ஒழுங்காக வரையப் பழகிவிட்டுக் கூடைக்கு வாருங்கள்.

போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வரையலாமா? பழம் அழுகிவிடுகிறதே. (ஊட்டி)

அமைப்பை நினைவில் வைக்க போட்டோ எடுங்கள், தப்பில்லை. வண்ணத்துக்குப் பழத்தைத்தான் பார்க்க வேண்டும். போனில் நிழல் வெறும் கறுப்பாகிவிடும். ப்ளம்ஸின் அந்தச் சாம்பல் மெழுகு போட்டோவில் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும்.

எத்தனை டியூப் வாங்க வேண்டும்?

ஏழு போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், காட்மியம் ரெட், கிரிம்சன், அல்ட்ராமரின், பர்ன்ட் அம்பர். மேலே நான் சொன்ன பர்ன்ட் சியன்னாவுக்குப் பதில் அம்பரில் துளி சிவப்பு சேர்த்துக்கொள்ளலாம். ரா அம்பருக்கும் பர்ன்ட் அம்பரிலேயே சமாளிக்கலாம். கிரிம்சன் வாங்கும்போது மட்டும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர்.83 என்றிருந்தால் அது வெளிச்சத்தில் வெளிறும். பி.வி.19 நிற்கும்.

கேன்வாஸின் பின்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. (கூடலூர்)

பருத்தித் துணி பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் படத்தை வெளியே கொண்டுபோய், மாஸ்க் போட்டுக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷால் பின்பக்கத்தைத் தட்டிவிடுங்கள். பிளீச்சிங், டெட்டால் எதுவும் வண்ணத்தின் மேல் படக்கூடாது. ஓதம் ஏறும் சுவரில் மறுபடி மாட்டாதீர்கள். வேறு வழியில்லையென்றால் சட்டத்தின் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுப் போக இடைவெளி விடுங்கள்.

இனிமேல் ஹார்டுபோர்டுக்கு மாறிவிடுங்கள். முன், பின், ஓரம் எல்லாப் பக்கமும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் ஈரம் குடித்து வளைந்துவிடும். இன்னொன்று, அக்ரிலிக் ஜெஸ்ஸோ 10 டிகிரிக்குக் கீழே ஒழுங்காகப் படலமாகாது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ராத்திரி அடித்துவிட்டுப் படுக்காதீர்கள். வெயில் ஏறிய பிறகு அடியுங்கள்.

சீசனுக்கு வருபவர்கள் படம் காய்வதற்கு முன்பே விலைக்குக் கேட்கிறார்கள். வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிடலாமா? (கொடைக்கானல்)

முழு வார்னிஷ் இப்போது வேண்டாம். மெல்லிய பூச்சு என்றாலும் ஆறு மாதமாவது போகட்டும். தொட்டால் ஒட்டாத நிலை வந்துவிட்டால் ரீடச்சிங் வார்னிஷ் என்ற தற்காலிக வார்னிஷ் மெல்லியதாக ஒரு கை அடிக்கலாம். மங்கிப்போன இருட்டுப் பகுதிகள் தெளியும், அதைத் தாண்டி வண்ணம் காய்வதும் தடைபடாது.

ஒட்டும் நிலையில் இருக்கும் படத்தை விற்காதீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புங்கள். காய்ந்ததைக் கொடுக்கும்போதும் வண்ணத்தின் மேல் பபிள் ஷீட் சுற்றாதீர்கள், அச்சு விழுந்துவிடும். தட்டையான அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி படாதபடி மூலைகளில் கார்க் ஒட்டுங்கள். வத்தலக்குண்டு இறங்கியதும் காருக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. டிக்கியில் வைக்க வேண்டாம் என்று வாயாலேயே சொல்லி அனுப்புங்கள். படத்தின் பின்னால் வரைந்த தேதி, பயன்படுத்திய வண்ணங்கள், எந்த மாதத்துக்குப் பிறகு வார்னிஷ் அடிக்கலாம் என்று பென்சிலில் எழுதிவிடுங்கள்.