திருநெல்வேலிச் சீமையில் ஒரு பழைய தேவாலயம் எந்தக் காலத்தது என்று கட்டடத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா?

பெருமளவு முடியும். ஆனால் வாசலில் பதித்த கல்லை மட்டும் நம்பக் கூடாது. அதில் இருப்பது அடிக்கல் நாட்டிய ஆண்டா, பிரதிஷ்டை ஆண்டா என்று பாருங்கள். இடையன்குடி தூய திரித்துவ ஆலயத்துக்கு மிஷனரி கால்டுவெல் வேலை தொடங்கியது 1847இல், பிரதிஷ்டை 1880இல். நடுவில் 33 வருஷம்.

கல்லைவிட வளைவு நன்றாகப் பேசும். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற கிறிஸ்தவப் பெண்மணி 1785இல் கட்டிய ஆலயம் சிறியது, எளியது. ஜெபிக்க ஒரு கூடம் வேண்டும் என்பதே அன்றைய தேவை. 1840களில் நிலைமை மாறுகிறது. கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலக் கோதிக் பாணியே ஆலயத்துக்கு உரியது என்ற எண்ணம் அப்போது இங்கிலாந்தில் வலுத்திருந்தது. 1839இல் கேம்பிரிட்ஜில் அதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்த அலைதான் மிஷனரி ஜான் தாமஸ் கட்டிய மெய்ஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தில் (1847) 192 அடி கோபுரமாக நிற்கிறது. ஆகவே இங்குள்ள செம்மணல் தேரிக்காட்டில் கூர்வளைவுச் சன்னலைக் கண்டால், வடிவம் 13ஆம் நூற்றாண்டு, கட்டடம் விக்டோரியா காலம் என்று கொள்ளலாம். அரைவட்ட வளைவு மட்டும் இருந்தால் உடனே முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள். பின்னாலும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கூர்வளைவு அழகுக்காக மட்டுமல்ல. அதே அகலத்துக்கு அரைவட்டத்தைவிட உயரமாக எழுவதால் பாரம் பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும். மிச்சத் தள்ளுதலைத் தாங்கத்தான் வெளியே முட்டுச்சுவர்கள். வளைவின் உச்சியில் கீழிருந்து வாய் திறக்கும் விரிசல் தெரிந்தால் இருபக்கச் சுவர்களும் விலகுகின்றன என்று அர்த்தம். பூசி மறைக்காமல் அஸ்திவாரத்தைச் சோதிக்க வேண்டும். இந்த வேலை நம் ஊர்க் கொத்தனார்களுக்கு அன்று புதிது. சன்னல் வேலைப்பாடுகளைக் கால்டுவெல் களிமண்ணில் செய்து காட்டியே செதுக்க வைத்தார்.

தரைவரைவையும் பாருங்கள். வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை 1872இல் கட்டியபோது, சாதிவாரியாக மக்கள் பிரிந்து உட்கார இரண்டு கூடங்கள் பலிபீடத்தில் வந்து சேரும்படி கால்சட்டை வடிவில் அமைத்தார்கள். பிரித்த சுவர் 1910 வாக்கில் இடிக்கப்பட்டது. அன்றைய சமூகத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேறு தரைவரைவு இந்தச் சீமையில் எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக, காரை. பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. ஈரத்தை உள்ளிழுத்து வெளியே விடும். நூற்றாண்டு விழா என்று அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் அடைபட்டுப் போகும். கடற்கரைப் பக்கம் உப்பும் சேர்ந்துகொள்ளும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிரும், உள்ளே செங்கல் பொடியும். காலத்தைச் சொல்லும் விளிம்பு வேலைப்பாடும் சிமெண்டுக்குள் மறைந்துவிடும். சேகரத்தில் (உங்கள் சபை வட்டாரத்தில்) பழுதுபார்க்கும் பேச்சு வந்தால் சிமெண்டைத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பின் அடுத்தது. சித்திரை வெயிலில் இதைத் தொடங்க வேண்டாம்: ஈரச்சாக்கு போட்டுக் காக்காவிட்டால் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும்.