அள்ளிக்கொண்டு போனால் என்ன?

கேள்வி: அலாஸ்காவில் உறைமண் உருகி, பழங்குடிகளின் தொல்பொருட்களைக் கடல் கொண்டுபோகிறதாமே? எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பெரிய நகர அருங்காட்சியகத்தில் வைத்தால் பத்திரமாக இருக்காதா? சின்னக் கிராமத்தில் வைத்து என்ன செய்வது?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: 'அள்ளிக்கொண்டு'. சரியான வார்த்தையைத்தான் போட்டிருக்கிறீர்கள். அலாஸ்காப் பழங்குடிகளான யூபிக் மக்களின் பழைய முகமூடிகள் வாஷிங்டனுக்கும் பெர்லினுக்கும் போனது அப்படித்தான்.

நீங்கள் படித்தது குவின்ஹாகக் ஊர்ச் செய்தியாக இருக்கும். பெரிங் கடலோரம், சுமார் 700 பேர். வெளியூர்ச் சாலை கிடையாது. அருகிலுள்ள நூனாலெக், 17ஆம் நூற்றாண்டில் பகைவர் கொளுத்திய ஊர். அதைக் கிழவர்கள் கதையாகச் சொல்லிவந்தார்கள். தோண்டினால் கரிந்த வீடும் அம்பு முனைகளும் வந்தன. (வாய்மொழி வரலாறு என்றால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் கவனிக்க.)

உறைமண், அதாவது ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண், இயற்கையின் குளிர்ப்பெட்டி. வேறு இடத்தில் மக்கிப்போகும் மரப்பொம்மை, புல்கூடை, பாதி மனிதன் பாதி வால்ரஸ் முகமூடி எல்லாம் அதில் அப்படியே கிடந்தன. இப்போது பெட்டி பழுது. மண் இளகுகிறது, இலையுதிர்காலத்தில் கரைக்கு அணையாக நின்ற கடல்பனியும் தாமதமாகத்தான் உறைகிறது. புயல் அலை நேராக வந்து அறைகிறது.

முன்னோர் இடத்தைக் கிளறக்கூடாது என்பது அங்கே வழிவழி வந்த எண்ணம். கடல் எடுப்பதற்கு நாமே எடுக்கலாம் என்று ஊர் முடிவு செய்தபிறகுதான், 2009இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தாருடன் அகழாய்வு தொடங்கியது. கிடைத்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். பதப்படுத்த ஸ்காட்லாந்துக்குப் போயின, உண்மைதான். ஆனால் திரும்பி வந்தன. 2018இல் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஊருக்கென்று அருங்காட்சியகம் திறந்தார்கள். இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம். பாட்டி இன்றைக்கு வைத்திருக்கும் பிறைக்கத்தியைப் போன்ற ஒன்றின் பழைய பிடி அதில் இருக்கும். அதைப் பார்த்துச் செதுக்குகிறவர்கள் உண்டு. மிஷனரிகள் நிறுத்திவைத்த நடனத்தை இளைஞர்கள் மறுபடி ஆடியதும் அகழாய்வுக்குப் பிறகுதான்.

2025 அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் எச்சம் அந்தக் கரையில் ஏறத்தாழ 60 அடியைத் தின்றது. ஆயிரக்கணக்கான பொருட்கள் சேற்றில் சிதறின. மரம் காய்ந்தால் வெடித்துவிடும். கிடைத்ததை உடனே நன்னீரில் ஊறப்போட வேண்டும். கரையோரம் நடந்து நடந்து பொறுக்கியெடுத்தது அந்தச் சின்னக் கிராமத்து ஆட்கள். நகர அருங்காட்சியகம் அன்றைக்கு எத்தனை வாளியோடு வந்திருக்கும் என்கிறீர்கள்?