விண்டோஸ் மாறியதும் ஆன்டிவைரஸ் படுத்துவிட்டதா? கேள்வி பதில்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுபோனதால், கடை கடையாக எல்லோரும் 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறிய மறுநாளே ஆன்டிவைரஸ் வேலை செய்யவில்லை என்று போன் வருகிறது. கேட்டவர்களின் ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டு இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி, உரக்கடை: அண்ணே, கடை சிஸ்டத்தில் விண்டோஸ் 11 போட்டோம். ஆன்டிவைரஸ் ஐகான் மேல் சிவப்புப் பெருக்கல் குறி நிற்கிறது. ‘டர்ன் ஆன்’ அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மறுபடியும் ஆஃப் ஆகிவிடுகிறது. டேலி கணக்கு முழுக்க இதில்தான் இருக்கிறது.

முதலில் டேலி டேட்டா ஃபோல்டரை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, கழற்றி, அலமாரியில் வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆன்டிவைரஸ் மற்ற சாஃப்ட்வேர் மாதிரி மேலோட்டமாக உட்காருவதில்லை. நீங்கள் எந்த ஃபைலைத் திறந்தாலும் நடுவில் நின்று பார்க்க வேண்டும் என்பதால், விண்டோஸின் அடிமட்டமான கெர்னலுக்குள்ளேயே தன் டிரைவரைச் செருகி வைக்கும். வாய்க்கால் தலைப்பில் மதகு வைப்பது போலத்தான். வாய்க்காலை வெட்டி அகலப்படுத்திய பிறகு பழைய பலகை அதே இடத்தில் பொருந்தாது. உங்கள் சிஸ்டத்தில் ஐகானும் திரையும் வந்துவிட்டன, உள்ளே டிரைவர் ஏறவில்லை. அதனால்தான் ‘டர்ன் ஆன்’ நிற்க மாட்டேன் என்கிறது.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘டிவைஸ் செக்யூரிட்டி’க்குள் ‘கோர் ஐசொலேஷன்’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்று ஒன்று இருக்கும். பழைய டிரைவர்களை உள்ளே விடாமல் தடுப்பது அதன் வேலை. ஒத்துப்போகாத டிரைவர்களின் பட்டியலில் உங்கள் ஆன்டிவைரஸ் பெயர் இருந்தால் காரணம் அதுதான். அதற்காக மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிடாதீர்கள். மாற்ற வேண்டியது ஆன்டிவைரஸின் பழைய பதிப்பை.

லைசென்ஸ் கீயை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனியின் சொந்த வலைத்தளத்திலிருந்து விண்டோஸ் 11-க்கான புதிய பதிப்பையும், அவர்களே தரும் ரிமூவல் டூலையும் இறக்கி வையுங்கள். பெரிய கம்பெனிகள் பலவும் இப்படி ஒரு டூல் வைத்திருக்கின்றன, ஏனென்றால் சாதாரண அன்இன்ஸ்டால் டிரைவர் மிச்சங்களை எப்போதும் முழுசாகத் துடைப்பதில்லை. பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பக்கத்தில் பழையதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, அந்த டூலை ஓட்டி, மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘ஷட் டவுன்’ போட்டுத் திரும்ப ஆன் செய்வது இதற்கு உதவாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் மெஷினில் ஷட் டவுன் செய்தாலும் கெர்னலின் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப வரும். ரீஸ்டார்ட்தான் புதிதாக ஏற்றும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நாள் முழுக்க மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டூல் சேஃப் மோடில்தான் (அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றி விண்டோஸ் ஓடும் நிலை) ஓடுவேன் என்றால், ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் அழுத்துங்கள். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: விண்டோஸ் 11 பல மெஷின்களில் டிஸ்கைத் தானாகவே பூட்டி வைத்திருக்கும். சேஃப் மோடுக்குப் போகிற வழியில் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று போனில் பார்த்து, எழுதி வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

எல்லாம் துடைத்த பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில், விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பச்சை டிக்கோடு நிற்க வேண்டும். நின்றால் புதிய பதிப்பைப் போடுங்கள்.

பாபநாசம், கல்லூரி மாணவர்: பழைய ஆன்டிவைரஸ் ஓடவில்லை என்று இன்னொன்றும் போட்டேன் சார். இப்போது லேப்டாப் ஆன் ஆகவே பத்து நிமிடம் ஆகிறது.

இரண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் பிடித்துப் பார்க்கின்றன தம்பி. ஒன்று பிடித்ததை மற்றொன்று சந்தேகப்படும். டிஃபெண்டர் மட்டும் இந்த விஷயத்தில் நாகரிகமானது: வேறு ஆன்டிவைரஸ் பதிவானால் தானாக ஒதுங்கிக்கொள்ளும். மற்றவை அப்படி ஒதுங்குவதில்லை. இரண்டையும் ரிமூவல் டூலால் எடுத்துவிட்டு ஒரு வாரம் டிஃபெண்டரோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். படிக்கிற பிள்ளைக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

திருத்துறைப்பூண்டி, இ-சேவை மையம்: அண்ணே, 11-க்கு மாறி ஆன்டிவைரஸையும் புதிதாகப் போட்டோம். அது நன்றாக ஓடுகிறது. ஆனால் கைரேகை மெஷின் வேலை செய்யவில்லை. மெஷினில் விளக்கு எரிகிறது, திரையில் ‘டிவைஸ் நாட் ரெடி’ வருகிறது.

போன மாதம் இதே கோளாறுக்காக ஒரு மையத்தில் போய் உட்கார்ந்தேன். வாசலில் பதினைந்து பேர். பெரும்பாலும் வயதானவர்கள், பிஎம் கிசான் கேஒய்சிக்கு வந்தவர்கள். ஒரு அம்மா கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். நாற்றுப் பறித்துத் தேய்ந்த ரேகை, அதனால்தான் விழவில்லை என்று அவரே சொல்லிக்கொள்கிறார். தப்பு அவர் விரலில் இல்லை. கருவி ரேகையை எடுக்கிற கட்டத்துக்கே போகவில்லை.

கைரேகை மெஷினுக்காக ஆர்டி சர்வீஸ் என்று நீங்கள் போட்டிருப்பது அந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் ஒரு குட்டி சர்வர். பிரவுசர் அதனோடு 127.0.0.1 என்ற உள் முகவரியில், 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் ஒன்றின் வழியாகப் பேசுகிறது. புதிதாகப் போட்ட ஆன்டிவைரஸின் வெப் ஷீல்டு (பிரவுசர் வழியாகப் போய்வருவதைச் சோதிக்கும் பகுதி) அல்லது ஃபயர்வால் அந்தப் பேச்சை இடைமறித்தால் கருவி இல்லாத மாதிரியே தெரியும். பழைய ஆன்டிவைரஸில் யாரோ எப்போதோ கொடுத்திருந்த விதிவிலக்கு, அன்இன்ஸ்டால் செய்தபோது கூடவே போயிருக்கும்.

சர்வீசஸ் பட்டியலில் ஆர்டி சர்வீஸ் ‘ரன்னிங்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கருவிக் கம்பெனியின் வலைத்தளத்திலிருந்து டிரைவரையும் ஆர்டி சர்வீஸையும் புதிதாக இறக்கிப் போடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் செட்டப் ஃபைல் வேண்டவே வேண்டாம். ஆதார் சம்பந்தப்பட்ட மெஷின் அது. சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தும் கருவி வரவில்லை என்றால், ஆன்டிவைரஸின் வெப் ஷீல்டைப் பத்து நிமிடம் நிறுத்தி ஒரு முறை சோதியுங்கள். வேலை செய்தால் காரணம் கிடைத்துவிட்டது. உடனே ஷீல்டை ஆன் செய்து, ஆர்டி சர்வீஸ் புரோகிராமுக்கும் அந்த உள் முகவரிக்கும் மட்டும் விதிவிலக்கு கொடுங்கள்.

நான் போன மையத்தில் இதுதான் நடந்தது. ஆனால் அதற்கு முன் வந்த ஆள் ஆன்டிவைரஸை மொத்தமாக அணைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று காசு வாங்கிப் போயிருந்தார். ரீஸ்டார்ட் ஆனதும் அது தானாக ஆன் ஆக, கோளாறும் திரும்பி வந்திருக்கிறது. நாலு நாள் ஜனங்கள் அலைந்திருக்கிறார்கள். பேருந்துக் காசு போட்டு வந்து திரும்பிப் போகிறவர்களை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மயிலாடுதுறை, ஆடிட்டர் அலுவலகம்: பழைய ஆன்டிவைரஸை எடுத்தாயிற்று. டிஃபெண்டரை ஆன் செய்யப் போனால், உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது என்று வருகிறது. எங்களுக்கு ஏது நிறுவனம்? நாலு பேர் ஆபீஸ்.

அது பொதுவான ஒரு வாசகம். ஏதோ ஒரு பாலிசி டிஃபெண்டரைப் பூட்டி வைத்திருக்கிறது என்பதுதான் அர்த்தம். பழைய ஆன்டிவைரஸின் மிச்சம் அந்தப் பூட்டைப் போட்டிருக்கலாம், அதற்கு ரிமூவல் டூலை ஓட்ட வேண்டும். கம்ப்யூட்டர் வேகமாக ஓட யாராவது ‘ட்வீக்’ செய்திருக்கலாம். மூன்றாவது காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: விலை கொடுக்காமல் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் டூல்கள் பல, தங்களைப் பிடித்துவிடக் கூடாது என்று முதலில் டிஃபெண்டரைத்தான் பூட்டும். உங்கள் மெஷினில் அப்படி ஏதாவது ஓட்டியிருந்தால் பூட்டை மட்டும் திறந்து பிரயோஜனம் இல்லை. கட்சிக்காரர்களின் பான் எண், வங்கி விவரம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் புழங்குகிற இடம். டேட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு, முறையான லைசென்ஸோடு சுத்தமாக விண்டோஸ் போடுங்கள். செலவுதான், ஆனால் வேறு வழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கும்பகோணம், அச்சகம்: புதிய ஆன்டிவைரஸ் எங்கள் பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரை வைரஸ் என்று தூக்கிவிட்டது. முகூர்த்த சீசன், பத்திரிகை வேலை நிற்கிறது.

தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் நீங்கள் தட்டும் ஒவ்வொரு கீயையும் பிடித்துத் தமிழாக மாற்றுகிறது. கீலாகர் என்ற திருட்டுப் புரோகிராமும் கீயைப் பிடிக்கிறது. டிஜிட்டல் கையெழுத்து இல்லாத பழைய சாஃப்ட்வேர் என்றால் ஆன்டிவைரஸ் சந்தேகப்படுவது சகஜம். ஒரிஜினல் சிடியிலிருந்து போட்டது என்றால் குவாரண்டைனில் (ஆன்டிவைரஸ் பிடித்ததை அடைத்து வைக்கும் இடம்) இருந்து மீட்டு, அந்த ஃபோல்டருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். யாரிடமோ பென்டிரைவில் வாங்கியது என்றால் ஆன்டிவைரஸ் சொல்வதை நம்புங்கள். யூனிகோடில் அடிக்கிற வேலைக்கு விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் இருக்கின்றன, தனி சாஃப்ட்வேர் தேவையில்லை.

பட்டுக்கோட்டை: பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் வீடியோ பார்த்து எப்படியோ 11 போட்டுவிட்டேன். ரேம் 2 ஜிபி. ஆன்டிவைரஸ் போட்டால் நகரவே மாட்டேன் என்கிறது.

விண்டோஸ் 11-க்கே குறைந்தது 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் எல்லாம் வேண்டும். அந்தச் சோதனையைத் தாண்டிப் போட்டால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. எந்த ஆன்டிவைரஸாலும் அதை ஈடுகட்ட முடியாது. இலகுவான லினக்ஸ் போட்டுப் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெஷின் இன்னும் சில வருடம் உழைக்கும்.

வலங்கைமான்: மூன்று வருட லைசென்ஸ் வாங்கினேன். 11 போட்டதும் ‘இன்வேலிட்’ என்கிறது.

மூலையில் தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், பெரும்பாலான டெஸ்க்டாப்பில் அதுதான் இருக்கும். தேதி சரியென்றால் கம்பெனியின் வலைத்தளத்தில் உங்கள் அக்கவுண்டில் பழைய பதிவை நீக்கிவிட்டு அதே கீயைப் போடுங்கள். மறுபடி காசு கட்ட வேண்டியதில்லை.

நீடாமங்கலம்: ஆன்டிவைரஸ் கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடிக் கூப்பிட்டோம். ஒரு ஆப் போடச் சொல்லி, ஸ்கிரீனை அவர்களே இயக்கி, 4,999 ரூபாய் கேட்கிறார்கள்.

அம்மா, முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். அந்த ரிமோட் ஆப்பை நீக்குங்கள். தேடலில் மேலே வரும் நம்பர் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நம்பரை எப்போதும் அந்த சாஃப்ட்வேரின் ‘ஹெல்ப்’ பக்கத்திலிருந்தோ பெட்டியிலிருந்தோ எடுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள், பிறகு வங்கிக்கு. அவர்கள் பார்த்திருக்கக்கூடிய பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

நாகப்பட்டினம், ஆசிரியர்: எல்லாம் செய்து பச்சை டிக் வந்துவிட்டது. நிஜமாகவே காவல் காக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்கென்றே ‘ஐகார்’ என்ற சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் இதை வைரஸ் போலவே பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஐகார் அமைப்பின் வலைத்தளத்திலேயே கிடைக்கும். பிரவுசரே தடுத்துவிட்டால் அது பிரவுசரின் காவல் மட்டும்தான், ஆன்டிவைரஸைச் சோதித்ததாக ஆகாது. அந்த 68 எழுத்துகளை நோட்பேடில் ஒட்டி சேவ் செய்யுங்கள். சேவ் ஆன சில நொடிகளில் எச்சரிக்கை வந்து ஃபைல் காணாமல் போக வேண்டும். டெஸ்க்டாப்பில் அது அப்படியே உட்கார்ந்திருந்தால், மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதை முதலிலிருந்து செய்யுங்கள்.