உச்சி இருக்கட்டும், கிடாரிப்பட்டிக்குப் போங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், "அழகர்மலை உச்சிக்கு டிரெக்கிங் போவோம், நீங்களும் வாங்கப்பா" என்கிறான். எனக்கு 54 வயது. மாடிப்படி ஏறினாலே முழங்கால் முனகும். எந்த வழியாக ஏறலாம்?
- ஒரு வாசகர், அண்ணாநகர், மதுரை

பதில்: உச்சியை மறந்துவிடுங்கள். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு. நானும் படிக்கிற காலத்தில் மூன்று பேரோடு திருட்டுத்தனமாக ஏறியவன்தான். பாதி மலையில் ஒற்றையடிப் பாதை காணாமல் போய், முள்ளில் வேட்டி கிழிய நின்றோம். சத்தம் கேட்டு வந்த ஆட்டுக்காரப் பெரியவர், "உச்சியில என்னப்பா இருக்கு? தண்ணியெல்லாம் கீழதான வருது" என்று திட்டிக்கொண்டே இறக்கிவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யார் கேட்டாலும் அவர் பேச்சைத்தான் நானும் சொல்கிறேன்.

விடியற்காலையில் கிடாரிப்பட்டிக்குப் போய்விடுங்கள். அழகர்கோவிலிலிருந்து மேலூர் போகிற சாலையில் இருக்கிறது. ஊரைத் தாண்டிப் பாறையில் ஏறினால் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்கிற குகை. பாண்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை; சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள் அவை. குகையின் நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியிருக்கிறார்கள். அங்கேதான் 2,000 ஆண்டுகளுக்கு முந்திய தமிழி (தமிழ் பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்து) எழுத்துகள். ராஜா பெயரைத் தேடாதீர்கள். மதுரைப் பொற்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன், கலப்பைக்குக் கொழு விற்றவன், அறுவை வணிகன். அறுவை என்றால் துணி. ஆக, நம் விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரர்களின் பாட்டன் பூட்டன் கொடுத்த நன்கொடைப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பையன் தன் பெயரைக் கிறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் திருப்பணியை ஏற்கனவே பலர் செய்துவிட்டார்கள்.

அப்புறம் அழகர்கோவில். பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டுவிட்டு மலைப்பாதையில் நடங்கள். பழமுதிர்ச்சோலை சுமார் 3 கிலோமீட்டர். இன்னும் கொஞ்சம் ஏறினால் ராக்காயி அம்மன் கோவிலும் நூபுரகங்கை என்கிற தீர்த்தமும். வழியெல்லாம் மர நிழல்தான். முழங்கால் மக்கர் செய்தால் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வரும் கோவலனிடம் மாங்காட்டு மறையவன் இந்த மலைக்கு வழி சொல்லும்போதும் நீரைத்தான் பேசுகிறான்: புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று மூன்று பொய்கைகள். ஐப்பசியில் கள்ளழகரே தைலக்காப்புக்கு, அதாவது எண்ணெய்க் காப்புக்கு, மலையேறி வருகிறார். எதுவரை? நூபுரகங்கை வரை. அவரே உச்சிக்குப் போவதில்லை என்று பையனிடம் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். அழகர்கோவில் தோசையை இறங்கி வந்த பிறகு வாங்குங்கள். மிளகும் சுக்கும் உளுந்துமாக, நெய்யில் ஊறி, கையில் எடுத்தால் கனக்கும் தோசை. போன தடவை முன்யோசனை இல்லாமல் வாங்கிக்கொண்டு ஏறினேன். பழமுதிர்ச்சோலைத் திருப்பத்தில் பையோடு பறிபோயிற்று. மரத்தில் உட்கார்ந்து தின்ற குரங்கு மிளகைக்கூடத் துப்பவில்லை.