தொட்டிக்குள் ஊரும் மணற்குழல்: கிணற்றுக்கு மருந்து போட வேண்டுமா?

கேள்வி: யாழ்ப்பாணம் உரும்பிராயில் உள்ள எங்கள் வளவில், மணலும் பாசியும் படிந்த கிணற்றடித் தொட்டியில், சிறு மணற்குழல்கள் தாமாக ஊர்ந்து திரிகின்றன. வடிகட்டி விற்க வந்தவர், இவை மலசலகூடக் குழியிலிருந்து வரும் புழுக்கள் என்றும், கிணற்றை இறைத்து மருந்திட்டுத் தமது வடிகட்டியைப் பொருத்தாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார். வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தாங்கள் விவரிப்பது காடிஸ் பூச்சியின் குடம்பியாக இருக்க வேண்டும். அது கடிக்காது, மனிதக் குடலில் வாழாது, மலசலகூடக் குழிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்துப்பூச்சிக்கு நெருங்கிய உறவான இப்பூச்சி, இரவில் விளக்கொளியை நாடிப் பறந்துவந்து நீரிலோ நீரோரத்திலோ முட்டையிடும். பொரித்து வரும் குடம்பி, வாயருகே சுரக்கும் பட்டிழையால் மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டித் தனக்கொரு குழல் கட்டி, தான் வளர வளர அதன் முன்வாயை நீட்டிக்கொண்டே போகும். பின்முனையிலுள்ள கொக்கிகளால் குழலைப் பற்றிக்கொண்டு, போகுமிடமெல்லாம் அதை இழுத்துச் செல்லும்.

ஐயம் இருந்தால், தொட்டி நீரை ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றி, ஒரு குழலை அதில் இட்டு அசைக்காமல் வையுங்கள். சிறிது நேரத்தில் தலையும் ஆறு கால்களும் வெளியே வந்து நடக்கத் தொடங்கும். விரலால் தொட்டால் உள்ளே ஒடுங்கும். கால்களே இல்லாமல் நீரில் துள்ளி நெளிவது நுளம்புக் குடம்பி. தொட்டியை வாரம் ஒருமுறை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவினால் இரண்டும் நீங்கும். கிணற்றடி மின்குமிழை இரவு முழுவதும் எரியவிடாதிருப்பதும் நல்லது.

வந்தவர் தங்கள் முன்னால் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சிக் காட்டினாரா? பெரும்பாலும் காட்டியிருப்பார். கிணற்று நீர் பழுப்பாகிக் கசடு மிதக்கும். அவருடைய போத்தல் நீர் தெளிவாகவே இருக்கும். அந்தப் பழுப்பு தங்கள் நீரிலிருந்த அழுக்கு அன்று, அவருடைய இரும்புக் கம்பி கரைந்த துரு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நீரில் கரைந்த உப்புகள் இருப்பதால் மின்சாரம் எளிதில் பாய்கிறது. உப்பு நீக்கிய நீரில் அவ்வளவாகப் பாய்வதில்லை. குடிப்பதற்கு முற்றிலும் ஏற்ற நீரும் இந்த வித்தையில் பழுப்பாகும். படித்தவர்களும் இதைக் கண்டு பயந்து கடன்பட்டு இயந்திரம் வாங்குகிறார்கள் என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

ஆனால் தங்கள் வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காடிஸ் குடம்பி இருந்தால் நீர் சுத்தம் என்று சிலர் சொல்வதுண்டு. அது ஓடும் நீரோடைகளை மதிப்பிடுவதற்கான அடையாளமே தவிர, தொட்டிக்கு அளிக்கும் சான்றிதழ் அன்று. வெடிப்புகள் நிறைந்த நம் சுண்ணக்கல்லில், தோட்டத்து உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று என்னும் நைதரசன் சேர்ந்த உப்பு இலகுவாக நிலத்தடி நீரில் கலக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, அதைக் காட்டும் புழுவும் இல்லை. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கிணற்றுக்கு மருந்தாக இடும் குளோரின் கிருமியைக் கொல்லும், இதைத் தொடாது. கரி வடிகட்டியும் அப்படியே. நீரை நுண்சவ்வின் வழியே அழுத்தி உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும், ஆயினும் அது தேவையா என்பதைப் பரிசோதனை அறிக்கைதான் சொல்ல வேண்டும், விற்பவர் அல்லர்.

குடாநாட்டில் கிணற்றை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இந்த நைத்திரேற்று அளவைத் தேடிவந்து சொல்லும் ஒழுங்கு இன்னும் இல்லாதிருப்பது வெட்கக்கேடு. எனவே தாங்களே தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, தொட்டியிலிருந்து அல்லாமல் கிணற்றிலிருந்து நேரடியாக எடுத்த மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். நைத்திரேற்று, மலக் கலப்பைக் காட்டும் பக்டீரியாவான ஈ. கோலி இரண்டையும் பெயர் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடக்கூடும். குழந்தை தாய்ப்பால் மட்டும் குடிப்பதாயின் நைத்திரேற்றைப் பற்றிப் பதற்றப்பட வேண்டியதில்லை. பால்மா கொடுப்பதாயின், அறிக்கை கைக்கு வரும்வரை அதைக் கரைக்கக் கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள்.