தாத்தாவின் யாஷிகா 635 கேமராவில் ஷட்டர் சிக்கிக்கொள்கிறது. நானே பிரித்துச் சரிசெய்யலாமா, மெக்கானிக்கிடம் கொடுப்பதா?

நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: 1/125, 1/60 நொடி போன்ற வேகங்களில் ஷட்டர் ‘டிக்’கென்று அடிக்கிறது. 1 நொடியில் வைத்தால் திறந்தபடியே நின்றுவிடுகிறது, விரலால் தட்டினால் மூடிக்கொள்கிறது. யூடியூபில் ஒருவர் அதைப் பிரித்துப் பூட்டுவதைப் பார்த்ததிலிருந்து கை பரபரக்கிறது.

பிரிக்கலாம், ஆனால் பாதிவரைதான். அந்தப் பாதி எங்கே முடிகிறது என்று முதலிலேயே தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

635 மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் கொண்ட கேமரா. அதில் இருப்பது கோப்பல் நிறுவனத்தின் லீஃப் ஷட்டர். கீழ் லென்ஸின் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கின்றன. லீவரை இழுத்து அழுத்தினால் ஸ்பிரிங் அவற்றைத் திறந்து மூடும். சும்மா விட்டால் ஸ்பிரிங் சட்டென்று வேலையை முடித்துவிடும். அதனால் 1 நொடி, அரை நொடி என்று இழுத்துப் பிடிப்பதற்கு உள்ளே தனியாக ஒரு குட்டிப் பல்சக்கரத் தொடர். சரியாக இருக்கும் கேமராவில் 1 நொடிக்கு ‘கிர்ர்ர்’ என்று கேட்குமே, அது இதன் சத்தம்தான். 635 சந்தைக்கு வந்தது 1958-இல். அந்தக் காலத்து எண்ணெய் இத்தனை வருடத்தில் பிசினாகி அந்தச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும்.

ஆக, வேகமாக அடிப்பது சரியாக அடித்து, மெதுவானது மட்டும் நின்றால் பெரும்பாலும் பல்சக்கரத்தில்தான் கோளாறு. தகடுகளில் எண்ணெய் ஏறியிருந்தால் கதை வேறு: எல்லா வேகமும் மந்தமாகும், அதுவும் சில நாள் சும்மா கிடந்துவிட்டு எடுக்கும் முதல் அடியில் நன்றாகவே தெரியும். யூடியூபில் காட்டுவது பெரும்பாலும் தகடு துடைக்கிற வேலை. அதைச் செய்துவிட்டு 1 நொடி இன்னும் நிற்கிறதே என்று குழம்புகிறவர்கள் நிறைய.

அதனால் ஸ்க்ரூடிரைவரை அப்புறம் எடுங்கள். இந்த மாடலில் ஒரு வசதி, ஃபிலிம் சுற்றுவதும் ஷட்டரை இழுப்பதும் தனித்தனி. ஃபிலிம் போடாமல் பின்கதவைத் திறந்துவைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கலாம். அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துளை) முழுதாகத் திறந்து, ஜன்னல் பக்கம் பிடித்து, பின்னாலிருந்து பாருங்கள். மூடிய தகடுகளைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் ஒரே சீராக மங்கலாக இருக்க வேண்டும். மழைநாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் மாதிரி வானவில் மினுக்கம் தெரிந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது.

பிறகு போனில் ஸ்லோ மோஷன் வீடியோ. நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் போனில் ஒரு ஃப்ரேம் சுமார் 4 மில்லி நொடி. 1/30 என்றால் ஷட்டர் 8 ஃப்ரேமுக்குத் திறந்திருக்க வேண்டும். 10 வந்தாலும் கவலை வேண்டாம், நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கும். 16 வந்தால் ஒரு முழு ஸ்டாப் போயிற்று, அதாவது ஒளி இரண்டு மடங்கு விழுகிறது. மெதுவான வேகங்களுக்கு ஒலிப்பதிவே போதும்: லென்ஸ் பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்து, ஆடாசிட்டி மாதிரி ஒரு மென்பொருளில் திறக்கும் ‘டிக்’குக்கும் மூடும் ‘டிக்’குக்கும் இடைவெளியை அளந்துவிடலாம். 1/250, 1/500 எல்லாம் இந்த முறைகளில் சரியாக வராது. 1/500 பழைய லீஃப் ஷட்டர்களில் கொஞ்சம் மந்தமாக ஓடுவது சகஜம், அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். 1/500-இல் வைப்பதாக இருந்தால் லீவரை இழுப்பதற்கு முன்பே வைத்துவிடுங்கள். இழுத்தபின் திருகினால் உள்ளே ஸ்பிரிங்குக்கு எதிராக மல்லுக்கட்டுகிறீர்கள்.

இந்தச் சோதனையே பாதி வைத்தியம். 1/30-இல் தொடங்கி 1/15, 1/8 என்று இறங்கி, டிவி பார்த்துக்கொண்டே அடித்துக்கொண்டிருங்கள். பல வருடம் பீரோவில் கிடந்த கேமராக்களில் சக்கரங்கள் இதிலேயே இளகி ஓடத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். இளகினாலும் விட்டுவிட்டால் திரும்ப இறுகும், அது வேறு விஷயம்.

இப்போது யாரும் கேட்காத ஒரு கேள்வி: உங்களுக்கு 1 நொடி எதற்கு? நம்மூர் வெயிலில் 100 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு) ஃபிலிமுக்கு அப்பர்ச்சர் எஃப்/16-இல் 1/125, எஃப்/11-இல் 1/250. வேப்ப மர நிழலில் நின்றால் எஃப்/4 அல்லது 5.6, அதே 1/125. கையில் பிடித்து எடுக்கிறவர் 1/30-க்குக் கீழே போவதே அபூர்வம். ட்ரைபாட் போட்டுக் கோயில் பிரகாரம் எடுக்கப் போகிறீர்கள் என்றால்கூட பி-யில் (அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) வைத்து, கேபிள் ரிலீஸை (கேமராவைத் தொடாமல் ஷட்டரை அடிக்க உதவும் கேபிள்) அழுத்திக்கொண்டு ‘ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு’ என்று எண்ணினால் போதும். 1/30 முதல் 1/250 வரை சரியாக இருந்தால் அந்தக் கேமராவைத் திறக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு ரோல் போட்டு எடுங்கள்.

தகட்டில் எண்ணெய் இருந்தால் மட்டும் திறந்தாக வேண்டும், அது நீங்களே செய்யக்கூடிய வேலை. கீழ் லென்ஸின் முன் கண்ணாடித் தொகுதி மரையில்தான் நிற்கிறது. ரப்பர் மூடி எதையாவது அழுத்தி இடப்பக்கமாகத் திருகினால் வரும், வராவிட்டால் அதற்கான லென்ஸ் ஸ்பேனர் வேண்டும். குறடு, கத்தி முனை வேண்டவே வேண்டாம். மேல் லென்ஸைத் தொடாதீர்கள். அது திரையில் பார்ப்பதற்கான லென்ஸ், அசைந்தால் திரையில் தெரியும் ஃபோகஸும் ஃபிலிமில் விழும் ஃபோகஸும் வேறுவேறாகிவிடும். இயர்பட்டில் லைட்டர் ஃப்ளூயிட் தொட்டு, பிழிந்துவிட்டு, தகடுகளை மெதுவாகத் துடையுங்கள். அடியுங்கள், புதுப் பட் எடுத்துத் துடையுங்கள், மறுபடி அடியுங்கள். பட்டில் அழுக்குக் கோடு விழுவது நிற்கும்வரை இதேதான். அவசரப்பட்டு ஊற்றினால் உள்ளே கரைந்த எண்ணெய் முழுக்கத் தகட்டுக்கு வந்து சேரும், அன்றைக்கு நன்றாக ஓடி மறுநாள் ஒட்டும். காய்ந்ததும் பி-யில் திறந்துவைத்து, பின் கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பக்கத்தைப் பூட்டுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் திரவம், சமையலறையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். டபிள்யூடி-40, தையல் மெஷின் எண்ணெய் எதுவும் கூடாது. இந்தத் தகடுகள் எண்ணெயே இல்லாமல் ஓடவேண்டியவை.

உங்கள் எல்லை இதுதான். பல்சக்கரத்தைத் தொட வேண்டுமானால் முகப்புத் தோலை உரித்து, அடியிலிருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, முன்தட்டை எடுத்து, ஷட்டர் மூடியையும் வேக வளையத்தையும் தூக்க வேண்டும். தூக்கியதும் தலைமுடி மொத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்குகள் தெரியும். எது எந்தக் கொக்கியில் மாட்டியிருந்தது என்பதைத் தூக்குவதற்கு முன் படம் எடுத்திருந்தால் உண்டு. ஒன்று தெறித்து மொசைக் தரையில் விழுந்தால் தேடுவது வீண், கடையில் உதிரி கேட்டாலும் கிடைக்காது. இதைக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் செத்துப்போன கேமரா ஒன்றை வாங்கி அதில் கை பழகுங்கள். தாத்தாவின் கேமராவில் வேண்டாம்.

வேறு கேமரா வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. கேனான் ஏஇ-1 பேட்டரி இல்லாமல் ஷட்டரையே விடாது, முதலில் புது 6 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். ஃப்ளாஷ் உள்ளேயே இருக்கும் குட்டிக் கேமராக்களைத் திறக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கும், நன்றாக உதைக்கும். ஜெனிட், கே1000 மாதிரி துணித்திரை ஷட்டர்களில் திரை இழுவிசையைக் கருவி இல்லாமல் காதால் கேட்டுச் சரிசெய்ய முடியாது.

மெக்கானிக்கிடம் கொடுப்பதென்றால், “லீஃப் ஷட்டர் பிரித்துக் கழுவுவீர்களா, ஸ்ப்ரே அடிப்பீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். ஸ்ப்ரே என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பிரிப்பேன் என்றால் ஒவ்வொரு வேகத்திலும் நீங்கள் அளந்த கணக்கை எழுதிக் கொடுங்கள், திரும்ப வாங்கும்போது அங்கேயே போனில் அளந்து பாருங்கள். கேமரா சரியாகும்வரை செல்ஃப் டைமர் (சில நொடி தாமதித்து அடிக்கும் வசதி) லீவரை ‘வி’ பக்கம் தள்ளாதீர்கள். அதிலும் இதே மாதிரிப் பல்சக்கரம்தான், பாதியில் சிக்கினால் இப்போது நன்றாக அடிக்கும் 1/125-உம் சேர்ந்து நின்றுவிடும்.