நிலக்கரி ஊர்களுக்குத் திரும்பிய ரயில்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பிரித்தானியாவின் பழைய நிலக்கரி ஊர்களில் பல வருடங்களுக்கு முன் நிறுத்திய பயணிகள் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கிறது. அதற்குக் காசு எங்கிருந்து வந்தது, நமக்கு அதில் என்ன பாடம் என்று திருகோணமலைப் பக்கத்தில் இருந்து கேள்விகள் வந்திருந்தன.

அண்ணா, சுரங்கம் மூடினால் கரி வண்டி நிற்கும், சரி. ஆட்கள் போகும் கோச்சியை ஏன் நிறுத்தினார்கள்? (உப்புவெளி)

தம்பி, பல இடங்களில் சுரங்கம் மூடுவதற்கு முன்னரே பயணிகள் ரயில் போய்விட்டது. பிரித்தானிய ரயில்வேயின் தலைவராக இருந்த பீச்சிங் 1963இல் கொடுத்த அறிக்கை, நட்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொன்னது. வட இங்கிலாந்தில் உள்ள ஆஷிங்டனில் 1964இல் பயணிகள் சேவை நின்றது. அங்கே சுரங்கமோ 1988 வரை வேலை செய்தது. அதாவது கரி வண்டி ஊரின் நடுவால் போய்க்கொண்டே இருந்தது, ஆனால் அந்த ஊர்க்காரர் பக்கத்து நியூகாசிலுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றார்கள். எனக்கு அது இன்றைக்கும் அநியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் பாதையைக் காப்பாற்றியது அந்தச் சரக்கு வண்டிதான். அது ஓடியதால் தண்டவாளத்தைக் கழற்றவில்லை, நிலத்தை விற்கவில்லை. 2024 டிசம்பர் 15இல் பயணிகள் ரயில் திரும்பி வந்தபோது ஓடியது அதே பாதையில்தான்.

எவ்வளவு செலவு? யார் கொடுத்தார்கள்? (திருக்கடலூர்)

அக்கா, ஆஷிங்டன் பாதைக்கு ஏறத்தாழ 30 கோடி பவுண் போனது. முதலில் போட்ட மதிப்பீடு 17 கோடிக்கும் குறைவு. பெரும் பங்கு மத்திய அரசுடையது, நோர்தம்பர்லாந்து கவுன்சிலும் தோள் கொடுத்தது. மூடிய பாதைகளைத் திறக்கவென்று 2020இல் 50 கோடி பவுண் நிதி ஒன்றை அரசு அறிவித்தது. 2024இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி ஆய்வு அறிக்கையோடு காத்திருந்த ஊர்கள் பாவம்.

வேல்ஸில் எப்வேல் பள்ளத்தாக்கில் கதை வேறு. 2002இல் அங்கிருந்த உருக்காலை மூடியது. ஊரைத் தூக்கி நிறுத்த ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை ரயிலுக்குப் போட்டார்கள். 2008இல் கார்டிஃபுக்கு வண்டி ஓடியது. வேலை போன ஊருக்கு முதலில் வேண்டியது வேலை இருக்கும் ஊருக்குப் போக ஒரு வழி. அதைப் புரிந்து செய்தார்கள்.

பாதை ஏற்கனவே இருக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு செலவு? (தம்பலகாமம்)

சுரங்க ஊரில் நிலத்துக்குக் கீழே வெறுமை. பழைய குடைவுகள் எங்கே இருக்கின்றன என்று வரைபடம் சொல்வதும் உண்மையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ரயில் மேடையோ பாலமோ கட்டுவதற்கு முன் வரிசையாகத் துளை போட்டு, சீமெந்துக் கலவையைப் பம்ப் செய்து, வெறுமை நிரம்பும் வரை இறக்கவேண்டும். எவ்வளவு குடிக்கும் என்று இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். நொட்டிங்ஹமில் இருந்து மான்ஸ்ஃபீல்ட் வழியாகப் போகும் ரொபின் ஹூட் பாதையை 1990களில் திறந்தபோது, மூடி நிரப்பியிருந்த ஒரு சுரங்கப்பாதையைத் திரும்பத் தோண்ட வேண்டியிருந்தது. மூடும்போது மிச்சம் பிடித்த காசு இப்படித்தான் திரும்பிப் போகும்.

டிக்கெட் காசில் செலவு மீளுமா? (கந்தளாய்)

மீளாது. ஒவ்வொரு வருடமும் மானியம் வேண்டும். பாதை கேட்பவர்கள் இதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஆள் ஏறமாட்டார்கள் என்ற பயம் பல இடங்களில் பொய்த்தது. எப்வேல் பாதையில் கணக்குப் போட்டதைவிட அதிகம் பேர் ஏறினார்கள்.

எங்களுக்கு இதில் என்ன? மட்டக்களப்புக்குக் கரையோரமாக ஒரு பாதை வராதா? (மூதூர்)

ஐயா, திருகோணமலைப் பாதை மூடப்பட்டதல்ல, இரவு வண்டி கொழும்புக்குப் போய்வருகிறது. மட்டக்களப்புக்கு ரயிலில் போவதென்றால் உள்ளே கல்லோயாச் சந்திவரை போய்த் திரும்பவேண்டும் என்பது உண்மை. கரையோரப் பாதை என்றால் மகாவலிக் கழிமுகத்தையும் களப்புகளையும் கடக்கப் பாலங்கள், காணி எடுப்பு எல்லாம் வரும். இருந்ததைத் திருத்துவது போல அல்ல அது. வடக்குப் பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைத் தொட்டது இந்தியக் கடனில். தண்டவாளம் போயிருந்தாலும் பழைய தடம் இருந்ததால்தான் அதை அங்கே போட முடிந்தது.

ஆகவே நான் கேட்பது இரண்டு விஷயம். சீனக்குடாப் பக்கத்துச் சரக்கைப் பாதையில் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆஷிங்டனைக் காத்தது அதுதான். அப்புறம், பாதையோர ஒதுக்குக் காணியில் கட்டடம் எழும்பவிடாமல் பிரதேச சபையிடம் இப்போதே எழுத்தில் கொடுங்கள். கரையோரப் பாதை பற்றிப் பேசுவதானால், எத்தனை பேர் தினமும் மூதூரில் இருந்து எங்கே வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள் என்ற கணக்கோடு போங்கள்.